வேண்டாத குரல்

காதுமெஷினைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு உத்தரவைப் பூங்கொடி அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மற்ற நாட்களில் தறி ஷெட்டுக்குள் நுழையும்போதே மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட வேண்டும். நூற்று இருபது ஏர்ஜெட் தறிகள் ஒன்றாக ஓடுகிற இடத்தில் அந்தச் சுண்டைக்காய் அளவுக் கருவிக்கு என்ன வேலை? ஆனால் அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேஸ்திரி அவள் பக்கத்தில் வந்து நின்று, சத்தமே வராமல் உதட்டை அகல அகலமாக அசைத்து, "ஆபீசுக்குப் போ. மெஷினக் காதுல போட்டுட்டு வரோணுமாமா," என்றார்.

அந்த ஷெட்டில் யாரும் கத்துவதில்லை, கத்தினாலும் கேட்காது. உதட்டையும் கையையும் வைத்துத்தான் பேச்சு. தறிப்பேச்சு என்று அதற்குப் பெயர். பல்லடத்துப் பக்கம் தறியில் நிற்கிற எல்லோருக்கும் வரும். இருபத்தேழு வருஷமாக அந்தப் பேச்சில் பூங்கொடி சம்பந்தம் பேசியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், இதே மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னால் வாய் நிறையத் திட்டியும் இருக்கிறாள்.

அவளை ஏமாற்றியதும் அந்தப் பேச்சுதான். முகத்தைப் பார்த்தால் போதும், எதிராளி சொல்வது புரிந்துவிடும். அதனால் தன் காது போய்க்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. கொசு போயிற்று, பல்லி போயிற்று, மகள் தர்ஷிகாவின் கொலுசு போயிற்று. பிறகு ஆட்கள் பேசுவது கேட்டது, என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. இந்தக் காலத்து ஜனங்கள் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள் என்று ஊர்மேல் பழி போட்டுவிட்டு இருந்தாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். அவளுடைய நாற்பத்தைந்தாம் வயதில் கணவன் போய்ச் சேர்ந்து, அதே வருஷம் மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகுதான் மாட்டிக்கொண்டாள். போனில் முகம் இல்லை. வீடியோவில் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாக ஓடியது. பக்கத்து வீட்டுத் தனம் போனை வாங்கிக் கேட்டு, இவளிடம் உதட்டால் திருப்பிச் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரியின் காதில் எந்த மகள் மனசு விட்டுப் பேசுவாள்?

எட்டு மாதத்துக்கு முன்னால் மில் இலவசமாகக் காதுமெஷின் கொடுத்தது. பணத்தைப் போட்டது காப்பீட்டுக்காரர்கள், பெயர் மில்லுக்கு. அதை மாட்டிவிட்டது ரெஜினா என்ற செவி நிபுணர். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும்.

"பழைய மெஷின் எல்லாச் சத்தத்தையும் தூக்கி விடும் அக்கா. பஸ், ஃபேன், தட்டு, எல்லாமே. அதனாலதான் ஜனங்க வாங்கி அலமாரில வெச்சிருவாங்க. இது வேற. உங்க காதுக்குள்ள மூளையோட சின்னக் கரண்டு ஒண்ணு ஓடும். யாரைக் கேக்கணும்னு நீங்க மனசுல நெனைக்கிறீங்களோ, அது இதுக்குத் தெரிஞ்சிரும். அவங்க குரலை மேல கொண்டுவரும், மத்ததைக் கீழ அழுத்திரும்."

"நான் நெனைக்கறது இதுக்கு எப்புடிங்க தெரியும்?"

"தெரியும். பழகப் பழக இன்னும் நல்லாத் தெரியும். ஒவ்வொரு குரலுக்கும் மார்க் போட்டு வெச்சுக்கும். பிடிச்ச குரல் வந்தா ஓடிப் போய்க் கதவு திறக்கும்."

"போன காது இதுல திரும்பி வருமுங்களா?"

"வராது அக்கா. சத்தத்தை வாங்குற நரம்பு முனை உள்ள செத்துப்போச்சுன்னா செத்ததுதான். மிச்சம் இருக்கறதை வெச்சு நல்லா வாழலாம். பத்து வருஷம் முன்னாலயே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு தர்ஷிகா போன் செய்தபோது பூங்கொடி தானே எடுத்தாள். "அம்மா" என்று ஒரு சொல். அவ்வளவுதான். அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதே தீர்த்துவிட்டாள். மகள் குரல் கொஞ்சம் கனத்திருந்தது, பெரிய மனுஷி குரலாகியிருந்தது. அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாளும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிற நாட்கள் ஆகிவிட்டன. தூங்கும்போதும் மெஷினைக் கழற்ற மனசு வராது.

கழற்ற மனசு வராத அந்த ஆசைதான் இப்போது அவளை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

நலவாழ்வு அதிகாரி என்று பலகை போட்ட அறையில் நிரஞ்சன் இருந்தான். சென்னையிலிருந்து வந்தவன், இஸ்திரி கலையாத சட்டை, யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டான். அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் பூங்கொடிக்குப் பயம்.

"உக்காருங்கம்மா. டீ சாப்பிடறீங்களா?"

"வேண்டாமுங்க."

மேஜைக் கண்ணாடித் திரையில் ஒளிர்ந்த ஒரு பட்டியலை அவள் பக்கம் திருப்பினான். "பயப்படாதீங்க. உங்க மெஷின் யாரோட பேச்சையும் பதிவு பண்ணாது. சட்டப்படி பண்ணக் கூடாது. எந்தக் குரலை எவ்வளவு நேரம் கேட்டீங்க, எவ்வளவு மனசு வெச்சுக் கேட்டீங்க, அது மட்டும்தான் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது அந்தத் தாள்ல இருந்தது."

அந்தத் தாள் நாற்பது பக்கம். படித்துப் பார்த்தவள் எவளும் இல்லை.

"இது உங்க பொண்ணு. தொண்ணூத்தஞ்சு மார்க். மேஸ்திரிக்குப் பன்னெண்டு." சிரித்தான். "இது பாருங்க. போன சனிக்கிழமை, சந்தை. ஒரு ஆம்பளைக் குரல், நாப்பத்தோரு நிமிஷம், தொண்ணூத்திரண்டு மார்க். வீட்டுக்காரர் இல்லாதவங்க, நான் தப்பா எதுவும் கேக்கலை. ஆனா பெத்த பொண்ணுக்குச் சமமா மனசு வெச்சுக் கேக்கற அளவுக்கு யாரும்மா அது?"

பூங்கொடிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அறைந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

அது ஆறுச்சாமியின் குரல். மில்லில் ஃபிட்டராக இருந்து வெளியே தள்ளப்பட்டவர். வருஷா வருஷம் எல்லோருக்கும் செவிச் சோதனை செய்ததாக மில் அரசாங்கத்துக்குக் கொடுத்த தாள்களை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே எண்கள். ஒரே ஆளின் காதை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை நகல் எடுத்திருந்தார்கள். அதை வெளியே சொன்னதற்கு வேலை போயிற்று. தொழிலாளர்களை அவர் சந்திக்கவே கூடாது என்று மில் கோர்ட்டில் தடையும் வாங்கிவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை தொழிலாளர் துறை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார். சாட்சி சொல்ல ஒன்பது பெண்கள் துணிந்திருந்தார்கள். அவர்களைத்தான் சனிக்கிழமை சந்தையில் தக்காளி மண்டிக்குப் பின்னால் ஆறுச்சாமி சந்தித்தார். எட்டுப் பேர் உஷாராக மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, ஷெட்டில் செய்வதுபோல் அவர் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார்கள். பூங்கொடி ஒருத்திதான் மெஷினைப் போட்டுக்கொண்டு போனாள். காது கேட்கிற சுகத்தை ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

"யாரோ காய்க்காரருங்க," என்றாள்.

"காய்க்காரர் நாப்பத்தோரு நிமிஷம் பேசினாரா?" நிரஞ்சன் குரலை உயர்த்தவே இல்லை. "அம்மா, ஆறுச்சாமி உங்களைப் பார்த்தார்னு தெரிஞ்சா, சாட்சியைக் கலைச்சார்னு ஆகும். நாளைக்கு விசாரணையே நடக்காது. அதுக்கு மேல உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. நீங்க சொல்லக்கூட வேண்டாம். சோதனை ரூம்ல உக்காந்தாப் போதும். இருபது குரல் போடுவோம். எந்தக் குரலுக்கு உங்க மனசு திரும்புதுன்னு மெஷினே சொல்லிடும்."

"உக்காரலைன்னா?"

"உக்கார மறுத்தா, மெஷினைத் திருப்பிக் கொடுக்கணும். விதி அப்படி. உக்காந்துட்டா யாரும் அதைத் தொட முடியாது."

பூங்கொடியின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. மெஷின் போனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி போய்விடும். மறுபடியும் தனத்தின் உதட்டில் மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"உக்காருறேன்," என்றாள்.

சோதனை அறை மருத்துவப் பிரிவின் கோடியில் இருந்தது. ஆள் ஒருவர் உட்காருகிற அளவுக்கு ஒரு கூண்டு, தடித்த கதவு, எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஜினாவின் மேஜை. ரெஜினா முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒயர்களை ஒருமுறை தவறாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள்.

"இருபது குரலும் எங்க கிடைச்சுது ஸார்?" என்று ரெஜினா நிரஞ்சனைக் கேட்டாள்.

"பேச்சு இல்லைன்னாலும் குரலோட அச்சு மெஷின்ல இருக்கு இல்ல? அச்சு இருந்தா எதை வேணும்னாலும் பேச வைக்கலாம். எல்லாக் குரலும் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லும். அச்சை மட்டும் காட்டினா விசாரணைல எடுபடாது, இவங்க மனசு திரும்பறது பதிவாகணும். அவ்வளவுதான்."

"ஸார், ஒண்ணு சொல்லிடறேன்." ரெஜினா நிரஞ்சனைப் பார்த்துப் பேசினாலும், பூங்கொடிக்கும் விளங்கட்டும் என்பதுபோல் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தியே பேசினாள். "இவங்க மனசு விரும்பிக் கேட்டா மீட்டர் முள் எவ்வளவு ஏறும்னு முதல்ல அளவு எடுக்கணும். அதுக்கு இவங்க நிச்சயமா விரும்பற ஒரு குரல் போடுவோம். அது ஏறலைன்னா அப்புறம் வர்ற எதுக்கும் மதிப்பு இல்லை. சோதனை செல்லாது. அறிக்கைல அப்படித்தான் எழுதணும்."

"எழுதுங்க. ஏறாம எங்க போகும்?" என்றான் நிரஞ்சன்.

கதவு மூடியது. தறி ஷெட்டிலிருந்து வந்தவளுக்கு அந்த நிசப்தத்தில் மூச்சு முட்டியது. கண்ணாடிக்கு அப்பால் ரெஜினா உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நிரஞ்சன் நின்றுகொண்டு கைப்பேசியை எடுத்தான். அவனுக்கு ரெஜினாவின் பின்னந்தலை மட்டும்தான் தெரியும்.

ரெஜினாவின் உதடு அசைந்தது. சத்தமில்லாமல், அகலமாக. இரண்டு வருஷம் தறிக்காரிகளோடு பழகியவள், தறிப்பேச்சை எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, புரியுதா?"

பூங்கொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"முதல் குரலைக் கேக்காம இருந்தீங்கன்னா தப்பிச்சிரலாம். ஆனா இந்த ரூம்ல கேக்காத குரலை மெஷின் வேண்டாத குரல்னு எழுதிக்கும். வெளிய ஒரு தடவைன்னா பரவாயில்லை, இங்க எழுதுனா அழுத்தமா எழுதும். அப்புறம் எப்ப அந்தக் குரல் வந்தாலும் கீழ தள்ளிரும். திரும்பி வர மாசக்கணக்கு ஆகும். வராமலும் போகலாம். அழிக்க என்கிட்ட சாவி இல்லை."

பூங்கொடி உதட்டை அசைத்தாள். "யாரு குரல்?"

தெரிந்தே கேட்டாள். வேறு யார் குரலாக இருக்கும்?

"தர்ஷிகா."

யோசிக்க எவ்வளவு நேரம் இருந்தது? பத்து நொடி இருக்கலாம். அந்தப் பத்து நொடியில் பூங்கொடிக்கு ஞாபகம் வந்தது அடுத்த தறியில் நிற்கிற சுமித்ரா. ஒடிசாவிலிருந்து வந்த பெண், பத்தொன்பது வயது. தமிழை ஷெட்டுக்குள் உதட்டில்தான் படித்தாள், அதனால் எல்லாம் புரியும், ஒரு வார்த்தை உச்சரிக்க வராது. போன மாதம் விடுதியில் சாப்பிடும்போது, தறி ஓடாத இடத்தில், அந்தப் பெண் பேசுகிறவளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பூங்கொடி கவனித்தாள். பத்தொன்பது வயசில் காது தேய்கிறது, மில் தாளில் அவளுக்கும் அதே நல்ல எண்கள். நாளைக்கு விசாரணை நடக்காவிட்டால் இன்னும் மூன்று வருஷத்துக்கு எவனும் அந்த ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கமாட்டான்.

பெற்ற பெண்ணைவிட ஊரான் பெண் பெரிசா என்று மனசு கேட்டது. பதில் சொல்வதற்குள் குரல் வந்துவிட்டது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

தர்ஷிகாவேதான். அதே கனம், "மூணு" என்கிறபோது மூக்கில் ஏறுகிற அதே சின்ன இழுப்பு. பூங்கொடியின் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. ரெஜினாவின் மேஜையில் முள் நகரத் தொடங்கியது.

தறியில் ஒரு விஷயம் உண்டு. எதிரே ஒருத்தி பேசும்போது உதட்டில் கண்ணை வைத்தால், காதில் தறியே இடிந்து விழுந்தாலும் தெரியாது. கண் வேலை செய்கிற நேரத்தில் காது சும்மா கிடக்கும். பூங்கொடி ரெஜினாவின் தலைக்கு மேலே நிரஞ்சனின் உதட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல, பரோட்டா வேணாம், நேத்தும் அதான். பிரியாணில முட்டை வருதா? ரெண்டு முட்டை போடச் சொல்லு. சால்னா தனியா. தண்ணி மாதிரி கொடுத்தான்னா திருப்பி அனுப்பு."

அந்த சால்னாவைத் தன் உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். இரண்டு முட்டை. தனி சால்னா. வெங்காயம் நிறைய. காதில் மகள் எண்ணிக்கொண்டே போனாள், பன்னிரண்டு, பதின்மூன்று. எண்ணட்டும், எண்ணட்டும். வெங்காயத்தோடு எலுமிச்சை உண்டா?

முள் விழுந்தது.

ரெஜினா திரும்பி நிரஞ்சனிடம் எதையோ சொன்னாள். அவன் கைப்பேசியை அணைத்துவிட்டுக் குனிந்து திரையைப் பார்த்தான். பிறகு கண்ணாடி வழியாகப் பூங்கொடியைப் பார்த்தான். முட்டாள் இல்லை அவன். மெதுவாக ரெஜினாவை ஒதுக்கிவிட்டு, விசைப்பலகையில் தானே ஏதோ தட்டினான்.

"அம்மா," என்றது தர்ஷிகாவின் குரல். "அம்மா, மாடிப்படில வழுக்கி விழுந்துட்டேன்மா. எந்திரிக்க முடியல. யாரும் இல்லம்மா இங்க. அம்மா, கேக்குதா?"

பொய் என்று தெரியும். அவன் தட்டியது கண் முன்னாலேயே தெரிந்தது. ஆனால் பெற்ற வயிற்றுக்குப் பொய் தெரியுமா, நிஜம் தெரியுமா? நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்களில் ரத்தம் நின்றுபோயிற்று. கண்ணை வைக்க நிரஞ்சனின் உதடும் இப்போது அசையவில்லை. அவன் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது ரெஜினா அழுதுகொண்டே உதட்டை அசைத்தாள். பக்கவாட்டில் திரும்பி நின்று, வாயைக் கையால் மறைக்கிறதுபோல் மறைத்து, கண்ணாடிப் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி. என்ன சொன்னாள் தெரியுமா? பைபிளில் மனப்பாடமாகத் தெரிந்த ஏதோ ஒரு வம்ச வரலாறு. இன்னாருக்கு இன்னார் பிறந்தார், இன்னாருக்கு இன்னார் பிறந்தார். கேள்விப்படாத பெயர்களாக வந்துகொண்டே இருந்தன. பூங்கொடி ஒவ்வொரு பெயராகக் கண்ணால் பொறுக்கினாள். பழக்கமில்லாத பெயர்கள், ஒன்றை விட்டால் அடுத்தது புரியாது, மூளை முழுதும் அதற்கே வேண்டியிருந்தது. காதில் எங்கோ தூரத்தில் ஒரு பெண் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் யாரோ. அவளுக்கு யாராவது போய் உதவுவார்கள்.

ஒரு நிமிஷம் முடிந்தபோது முள் ஒரு கோடுகூட ஏறவில்லை.

கதவைத் திறந்ததும் பூங்கொடிக்கு வாந்தி வந்தது. ரெஜினா ஓடிவந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷின் ரிப்பேரா?" என்றான் நிரஞ்சன்.

"இருக்கலாம் ஸார். அளவு ஏறலை. சோதனை செல்லாதுன்னுதான் எழுத முடியும்."

"பெத்த பொண்ணும்மா அது," என்றான் பூங்கொடியிடம். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"தெரியுமுங்க," என்றாள் அவள்.

மறுநாள் விசாரணை நடந்தது. ஒன்பது பேரும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். ஆய்வாளர் அம்மாள் பொறுமையாகக் கேட்டார், அவர் குரல் ஒரு சொல் பிசகாமல் பூங்கொடிக்குக் கேட்டது. எல்லோருக்கும் வெளியாட்களை வைத்துப் புதிதாகச் செவிச் சோதனை, திங்கட்கிழமையிலிருந்து ஷெட்டுக்குள் காதுக் கவசம் என்று சாயங்காலமே உத்தரவு வந்தது. காதுமெஷினின் பதிவுகளை மில் இனிப் பார்க்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. சுமித்ரா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, எப்படியோ உச்சரிப்பைக் கண்டுபிடித்து, "நன்றி" என்றாள். பூங்கொடியும் சிரித்தாள். உள்ளுக்குள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குச் சரியாகப் போன் வந்தது. பூங்கொடி முருகா என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள்.

ஒன்றும் இல்லை.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "தர்ஷி? கண்ணு?" என்றாள். ரொம்பத் தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி, ஒரு சின்ன முனகல் எழுந்து அடங்கியது. அது மகள்தான். சொல் ஒன்றும் தேறவில்லை. பூங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு, மனசு முழுவதையும் அந்த முனகலின்மேல் வைத்தாள். இவள்தான் எனக்கு வேண்டும், இவளை மேலே கொண்டுவா என்று கெஞ்சினாள். எவ்வளவு கெஞ்சினாலும் மெஷின் நம்பவில்லை. அழுத்தமாக எழுதிக்கொண்டுவிட்டது.

மேலே தூக்க வேறு குரல் தேடியதோ என்னவோ, மகளைச் சுற்றியிருந்த அறை மெல்ல மெல்ல எழுந்து வந்தது. முதலில் ஃபேன். அப்புறம் கரண்டி பாத்திரத்தில் சுரண்டுகிற சத்தம். அப்புறம் சம்பந்தியம்மாவின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக.

"பேசட்டும், பேசட்டும். கைல போட்டிருக்கற கட்டப் பத்தி ஆத்தாக்காரிகிட்ட வாயத் தொறக்கறாளா பாத்துக்க."

"தொறக்கமாட்டா." இது மாப்பிள்ளை தீபக். போனுக்கு மிக அருகில் இருந்தான். "வாரா வாரம் நான் பக்கத்துல உக்காந்துட்டுத்தான இருக்கறேன். ஏய், சிரிச்சுப் பேசு. நல்லா இருக்கறேன்னு சொல்லு. ம். இன்னொரு தடவை சொல்லு."

தூரத்து முனகல் சிரிப்பதுபோல் மேலும் கீழும் போயிற்று.

"அழுதுட்டே சிரிக்காத. இன்னொரு கையும் இருக்குதல்ல உனக்கு?"

பூங்கொடி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். எட்டு மாதம். முப்பத்தைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இந்தக் குரல்கள் அங்கேயே இருந்திருக்கின்றன, மகளின் பேச்சுக்கு நடுவிலேயே. நடுநடுவே மகள் சட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவாள், சிக்னல் சரியில்லை என்று இவள் நினைத்துக்கொள்வாள். மகளின் குரலைத் தவிர வேறு எதுவும் இவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த மெஷினில் மகள் குரல் மட்டும்தான் கேட்கும் என்று சம்பந்தி வீட்டில் இவளே பெருமையாகச் சொல்லியும் இருந்தாள். வேண்டாத எல்லாவற்றையும் மெஷின் ஃபேன் சத்தத்தோடு சேர்த்துக் கீழே அழுத்தி, நல்லா இருக்கறேன் என்பதை மட்டும் எடுத்து இவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு இவள் சந்தோஷமாகப் போய்ச் சமைத்திருக்கிறாள்.

கத்தக் கூடாது. கத்தினால் அந்தப் பக்கம் போனைப் பிடுங்கிவிடுவான். பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

"சரி கண்ணு," என்றாள் பூங்கொடி, எப்போதும் சொல்கிற அதே குரலில். "சரி கண்ணு. அப்பிடியா? சந்தோசமா இரு. நல்லாச் சாப்பிடு. மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லு."

காதில் விழாத கேள்விகளுக்கெல்லாம் ஒரு ஊகத்தில் பதில் சொல்லி, இரண்டு முறை சிரித்தும் வைத்தாள். முனகல் ஓய்ந்தது. போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

ஆறுச்சாமியின் வீடு மூன்று தெரு தள்ளி. வாசலில் பேட்டரி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். செருப்பில்லாமல், மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"என்ன அம்மிணி? விசாரணை விசயமா ஏதாச்சும் பெரச்சனையா?"

"அதெல்லாம் இல்லீங்ணா. ஓசூருக்குப் போகோணும். இப்பவே. நீங்களும் வரோணும், ஊர்ல இன்னும் ரெண்டு ஆம்பளையாளுங்களையும் கூப்பிட்டுக்கோங்க. போற வழியில போலீசுக்கு யாருகிட்டச் சொல்லறதுன்னு நீங்கதான் பாக்கோணும்."

"ஓசூர்னா அஞ்சு மணி நேரம் ஆகுமே." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தார். "ஏனுங்க, பொண்ணு போன் பண்ணி அழுதுச்சா? என்ன சொல்லுச்சு?"

பூங்கொடி வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்கறேன்னுதான் சொல்லியிருப்பா. வண்டிய எடுங்க."